கரைக்கு வந்து சேரும் கடல் தரவு: இன்காய்ஸ் சேவைகள் குறித்து ஒரு பயனரின் மதிப்பீடு

நாகப்பட்டினம் கடற்கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றின் வாசலில் உள்ள கரும்பலகையில் அன்றன்றைய கடல் தகவலை எழுதி வைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பலகையில் நான் எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஐதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்திலிருந்து, சுருக்கமாக எல்லோரும் சொல்லும் இன்காய்ஸிலிருந்து வருகிறது. 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இப்போது மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இம்மையத்தின் சேவைகளை நாள்தோறும் கையாள்பவன் என்ற முறையில், அவற்றின் பயனையும் போதாமையையும் விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலில் மீன்வள வாய்ப்புப் பகுதிகளுக்கான அறிவிப்பு. நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்களுக்குத் தமிழ் உள்ளிட்ட கடலோர மொழிகளில் வெளியாகும் இந்த அறிவிப்பில், ஒவ்வொரு தளத்திலிருந்தும் எந்தத் திசையில், எத்தனை பாகையில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஆழத்தில் மீன் கூடியிருக்க வாய்ப்பு உண்டு என்பது ஒரே வரியில் இருக்கும். எடுத்துக்காட்டாக, கிழக்கே 95 பாகையில் 40 முதல் 45 கிலோமீட்டர் தொலைவில் 45 மீட்டர் ஆழம் என்று ஒரு வரி வந்தால், நான் அதை அப்படியே எழுதுவதில்லை. 22 முதல் 24 கடல் மைல், 25 பாகம் என்று மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் கரையில் ஆழத்தைப் பாகத்தில்தான் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி) சொல்வார்கள். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி தொலைவைக் கடல் மைலில்தான் காட்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் இருக்கிறது. அறிவிப்பு பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்) என்ற வடிவில் வருகிறது. பெரும்பாலான படகுக் கருவிகளோ பாகையையும், தசமப் புள்ளியுடன் கூடிய கலையையும் கேட்கின்றன. 10 பாகை 45 கலை 30 விகலை என்பதைக் கருவியில் 45.5 என்று பதிய வேண்டும், அவசரத்தில் 45.30 என்று பதிந்துவிட்டால் இடம் ஏறத்தாழ 370 மீட்டர் தள்ளிப்போகும். பரந்த மீன்பிடிப் பகுதியைத் தேடிப் போகும்போது இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் அதே பழக்கத்தில் ஒரு பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) இடத்தைப் பதிந்து பக்கத்தில் வலை விட்டால், வலை கிழிந்துதான் மேலே வரும். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுப்பது செலவில்லாத திருத்தம். அது செய்யப்பட்டால் என்னைப் போல் பலகை எழுதுவோர் பலரின் வேலை பாதியாகக் குறையும்.

அறிவிப்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும், நுண்பாசிகளின் பச்சையம் நீருக்குத் தரும் நிறத்தையும் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் விளிம்பில் பாசி பெருகும், அதைத் தின்னச் சிறுமீன் வரும், அதைத் தேடிப் பெருமீன் வரும் என்பதே கணக்கு. 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 ஆகியவை நம் நாட்டுச் செயற்கைக்கோள்களே. எனினும் மேகம் மூடினால் கடலின் நிறத்தைச் செயற்கைக்கோள் பார்க்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், எங்கள் கரைக்கான வரிகள் பல நாள் வெறுமையாகவே கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் அறிவிப்பே வராது. ஆகவே, இது டீசலையும் தேடும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் வழிகாட்டிதானே தவிர, மீனுக்கு உத்தரவாதம் அல்ல என்று புதிதாகக் கேட்பவர்களிடம் நான் சொல்லிவிடுவேன்.

மீனைவிடக் காற்றும் அலையும்தான் எங்கள் மக்களுக்கு முக்கியம். பலகையின் முன் நின்ற மூத்த ஓட்டுநர் ஒருவர், “தம்பி, மீனை நாங்க பாத்துக்குறோம், காத்து எப்ப ஏறும்னு மட்டும் தெளிவா எழுது” என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த வகையில் இன்காய்ஸின் கடல்நிலை முன்னறிவிப்பு உயர்ந்த தரத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். அலையின் உயரம், தொலைவிலிருந்து வரும் பெருஅலையின் உயரமும் திசையும், காற்றின் வேகம், நீரோட்டம் ஆகியவை அடுத்து வரும் நாட்களுக்கு மணிக்கணக்குப் பிரித்துத் தரப்படுகின்றன. இதன் அருமையை உணர வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1990களின் இறுதியில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமத் தகவல் மையத் திட்டத்தில், அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து இறக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நம் கடலின் அலையை அறிய வேறொரு நாட்டின் கடற்படையை நம்பியிருந்த அந்த நிலையிலிருந்து இன்றைய நிலைக்கு வந்திருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் இயலாது.

2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. 2007 அக்டோபரில் இன்காய்ஸ் வளாகத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்களும் இந்தியப் பெருங்கடல் நாடுகள் அனைத்துக்கும் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 என்ற அளவில் நிலம் அதிர்ந்தபோது, சில நிமிடங்களிலேயே அறிவிப்பு வெளியானது. எங்கள் கரையில் அன்று மக்கள் ஓடினார்கள் என்றாலும், ஏன் ஓடுகிறோம் என்று தெரிந்து ஓடினார்கள்.

எச்சரிக்கை வெளியாவது வேறு, அது உரியவரின் காதை எட்டுவது வேறு. தென்கடலில் எழுந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும் அலையைக் குமரி, கேரளக் கரைகளில் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். மீனவர்களின் அந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத் தொடக்கத்தில் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. வானம் தெளிந்திருந்த நாளில், கடலை அறியாத இளைஞர்களிடம் அந்தச் செய்தியை யார், எந்த வழியில் கொண்டு சேர்த்திருக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் என்னை வருத்துகிறது.

ஆழ்கடலில் இருப்போருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. கைப்பேசி அலைவரிசை கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்குள் நின்றுவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிமுனைக்கு அருகே புயலாக வலுத்தபோது, பல நாள் தங்கலுக்குப் போன படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியே இருக்கவில்லை. அதன் பின் 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி கருவி, இந்தியாவின் ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியைப் பெற்று, புளூடூத் மூலம் கைப்பேசித் திரையில் காட்டுகிறது. நல்ல கருவி. ஆனால் செய்தி ஒருவழியாக மட்டுமே வரும். படகிலிருந்து “ஆபத்தில் இருக்கிறோம்” என்று திருப்பிச் சொல்ல அதனால் முடியாது.

ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இன்காய்ஸின் தரவுத் தளம் ஒரு புதையல். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி, வழியெங்கும் அளந்த வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அனுப்புகின்றன. இந்தியப் பெருங்கடலுக்கான அவற்றின் தரவு மையம் இன்காய்ஸ்தான். அந்தத் தரவு யாருக்கும் இலவசம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நிறுத்தியுள்ள மிதவைகளின் அளவீடுகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘டிஜிட்டல் ஓஷன்’ தளத்தில் இவற்றைப் படமாகவே பார்க்கலாம். சங்கத்துப் பிள்ளைகளுக்கு வங்கக்கடலின் வெப்பநிலை வரைபடத்தைத் திரையில் காட்டியபோது, “நம்ம கடலா இது?” என்று அவர்கள் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

இனி, என் முதன்மையான குறைக்கு வருகிறேன். நிலத்தின் வரைபடம் 1767இல் தோன்றிய சர்வே ஆஃப் இந்தியாவிடம் இருக்கிறது. செயற்கைக்கோள் படம் இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் 2009 முதல் இருக்கிறது. கடலாழ வரைபடம் தேராதூனில் உள்ள கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகத்தில் இருக்கிறது. அலையும் மீனும் இன்காய்ஸில் இருக்கின்றன. நான்கும் பொதுப்பணத்தில் உருவானவை. ஆனால் கரைக்கோட்டில் இவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நிலத்தின் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது, கடலின் ஆழமோ ஓதம் மிகத் தாழ்ந்து நிற்கும் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. இரண்டு பூஜ்யங்கள், இடையில் உள்ள வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும். வெள்ளம் எந்தத் தெரு வரை வரும், முகத்துவாரத்தில் எவ்வளவு மணல் அள்ள வேண்டும் என்பனவெல்லாம் இந்த இரண்டையும் இணைத்தால்தான் தெரியும்.

இதை நான் பட்டே அறிந்தேன். செயற்கைப் பவளப்பார் அமைக்க இடம் தேடி, எங்கள் கரையை ஒட்டிய ஐந்து கடல் மைலுக்கான ஆழத்தரவு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். அவர்கள் வேறோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே விண்ணப்பப் படிவம் தந்தார்கள், மாதங்கள் போயின. கடைசியில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி, வேளாங்கண்ணிக் கோயில் கோபுரத்தையும் நாகை கலங்கரை விளக்கத்தையும் அடையாளம் வைத்து, நாங்களே பாகம் பாகமாக அளந்தோம். எங்கள் தாத்தாக்கள் செய்த வேலைதான் அது. ஆனால் ஏற்கெனவே நாட்டின் செலவில் அளந்து வைத்திருக்கும் ஒன்றை மறுபடி அளக்க நேர்ந்ததே என்ற ஆதங்கம் தீரவில்லை.

கொள்கை அளவில் வழி திறந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி வாங்கும் நிலையை நீக்கின. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியப் புவிசார் கொள்கை, 2035க்குள் நீர்நிலைகளுக்கும் கடலுக்கும் துல்லியமான ஆழத்தரவை உருவாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2009 முதல் எமோட்நெட் என்ற பொதுக் கட்டமைப்பில் தங்கள் கடல்களின் ஆழத்தை ஏறத்தாழ 115 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் இலவசமாகவே தருகின்றன. பல நாடுகள் சேர்ந்து செய்ய முடிந்ததை ஒரே நாட்டின் நான்கு துறைகள் செய்ய முடியும் என்றே நம்புகிறேன். பாதுகாப்புக் காரணத்தால் மறைக்க வேண்டிய இடங்கள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, மீனவர் நாள்தோறும் போய்வரும் கரையோரக் கடலையாவது முதலில் இணைத்துத் தரலாம்.

இப்போதைய நிலையில் எனது பரிந்துரை இதுதான்: ஃபைபர் படகு வைத்திருப்போர் இன்காய்ஸின் சமுத்ரா செயலியையோ, சுவாமிநாதன் நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியையோ கரையிலேயே திறந்து அன்றைய தகவலை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். தங்கலுக்குப் போகும் விசைப்படகினர் ஜெமினியையும், திருப்பிப் பேச வி.எச்.எஃப். வானொலிக் கருவியையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். எந்த அறிவிப்பானாலும் முதலில் அதன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நேற்றைய வரி இன்றைய கடலுக்கு உதவாது. எங்கள் பலகையில் இப்போது தேதியை மட்டும் சிவப்புச் சுண்ணக்கட்டியில் எழுதுகிறேன்.