மால்டி டாஃப் கருவியில் பாக்டீரியா வித்துகள்: ஆறு ஆண்டு அனுபவம்

நுண்ணுயிரியின் புரதங்களை லேசரால் அயனிகளாக்கி, அவற்றின் நிறைகளைச் சிகரங்களாக (நிறமாலையாக)ப் பதிந்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் கருவி மால்டி டாஃப் நிறை நிறமாலைமானி. அதை ஆறு ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவற்றின் பெயரை அது சில நிமிடங்களில் சொல்லிவிடும் என்பதால், அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள், அதாவது உணவு குறையும்போது அது உருவாக்கும் தடித்த உறையுள்ள உறங்குநிலைச் செல்கள், வந்தபோதுதான் கருவியையும் என் கைப்பழக்கத்தையும் ஒருசேரச் சந்தேகிக்க நேர்ந்தது.

முதல் ஆண்டில், ஐந்து நாள் பழைய வளர்ப்புத் தட்டிலிருந்த பேசில்லஸ் சப்டிலிஸ் காலனியைக் குச்சியால் தொட்டு, இலக்குத் தட்டில் மெல்லியதாகத் தேய்த்து, லேசர் ஆற்றலை உள்வாங்கும் மேட்ரிக்ஸ் கரைசலை இட்டு உலரவைத்தேன். மஞ்சள் படிகங்கள் சீராகவே படிந்திருந்தன. ஆயினும் தரவுத்தளத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் மதிப்பெண் 1.5ஐத் தாண்டவில்லை. எங்கள் மென்பொருளில் 2.0 வந்தால்தான் இனப்பெயரை ஏற்கலாம். மூன்று முறை முயன்றபின், லேசர்தான் பழுது என்று பராமரிப்புப் பொறியாளரை அழைக்கும் அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் ஒரு துளியை ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பார்த்தபோது கோல் வடிவ செல்கள் அரிதாகவே தென்பட்டன; எங்கும் பளபளக்கும் வித்துகள். அதே காலனியைப் புதிய தட்டில் ஓரிரவு வளர்த்ததும் 2.1 கிடைத்தது.

தரவுத்தளத்தில் உள்ளவை பெரும்பாலும் வளரும் செல்களின் நிறமாலைகள். கருவி அளக்கும் 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) வரையிலான வரம்பில், செல்லின் புரத ஆலையான ரைபோசோமின் புரதங்களே மேலோங்கி நிற்கும். வித்திலோ, டி.என்.ஏ.வைப் போர்த்திக் காக்கும், அமிலத்தில் கரையும் சிறு புரதங்கள் 7,000 டால்டனை ஒட்டி உயர்ந்த சிகரங்களாக எழுந்து மற்றவற்றை அமுக்கிவிடுகின்றன.

அந்தப் புரதங்களை வெளிக்கொணர்வது தனி வேலை. தடித்த வித்துறையின் முன் ஃபார்மிக் அமிலப் பூச்சு பெரிதாக உதவவில்லை. 80 விழுக்காடு ட்ரைஃப்ளூரோ அசிடிக் அமிலத்தில் அரை மணி நேரம் வைத்து, நீர்த்து, நுண்வடிகட்டியில் வடிப்பதே எனக்குக் கைகொடுத்தது. எத்தனாலில் ஊறிய வித்து செத்திருக்கும் என்று நம்புவது ஆபத்து: 70 விழுக்காடு எத்தனாலில் ஒரு வாரம் கிடந்த படிவை ஒருமுறை சோதனைக்காகத் தட்டில் பரப்பினேன், மறுநாள் காலனிகள் நெருக்கமாக முளைத்திருந்தன.

இச்சிறு புரதங்களால் ஒரு நன்மையும் உண்டு. ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸின் பீட்டா வகைச் சிறு புரதம் 6,679 டால்டனிலும், அதன் நெருங்கிய உறவான பேசில்லஸ் சீரியஸுடையது பெரும்பாலும் 6,695 அல்லது 6,711லும் தோன்றும். ஆனால் 16 டால்டன் இடைவெளியில் தீர்ப்புச் சொல்ல அளவுத்திருத்தம் துல்லியமாக இருக்க வேண்டும். சீரியஸ், அதே குழுமத்தைச் சேர்ந்த துரிஞ்சியென்சிஸ் இரண்டையும் வழக்கமான ஒப்பீட்டில் பிரிப்பதும் நம்பகமன்று. ஆகவே அறிக்கையில் ‘சீரியஸ் குழுமம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, மேற்கொண்டு தேவையெனில் மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறேன்.

இப்போது எங்கள் வித்து நிறமாலைகளைத் தனித் தொகுப்பாகச் சேர்த்து வருகிறோம். மாதிரிப் பதிவேட்டில் ‘தட்டின் வயது’ என்றொரு பத்தியும் இருக்கிறது. அது நிரப்பப்படாத மாதிரியை நான் கருவியில் ஏற்றுவதில்லை.