ரவைத் தட்டா, பாட்டா, களிமண்ணா? டிமென்ஷியா உள்ள பெரியவருக்கு எது ஒத்துவரும்

டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ள பெரியவரைப் பார்த்துக்கொள்பவரிடம் "ஏதாவது கலை வேலை கொடுத்துப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், அடுத்த நாளே கலர் பென்சிலும் படம் வரைந்த புத்தகமும் வீட்டுக்கு வந்துவிடும். அதை விட்டுவிடலாம். பேரன் பேத்தி எடுத்தவர் முன்னால் யானைக்குட்டிப் படத்தை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். மிச்சம் இருப்பவை மூன்று: பழைய பாட்டு, களிமண், தட்டில் ரவை பரப்பி விரலால் போடும் கோலம். எங்கள் ஓட்டு ரவைத் தட்டுக்கு.

பாட்டின் பலம் தெரிந்ததுதான். பேச்சு குழறிய பிறகும் பாட்டு வரி வாயில் நிற்கும். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுகளைத் தேடிப் பிடியுங்கள். 1950-ல் பிறந்தவருக்கு 1965 முதல் 75 வரை வந்தவை. போனில் போடாமல் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள், நடுவில் விளம்பரம் அலறினால் பதறிவிடுவார். முதல் வரியை நீங்கள் பாடி நிறுத்துங்கள். அடுத்த வரி வருவதற்குப் பத்து, பதினைந்து விநாடிகூட ஆகலாம். வேலூர்ப் பக்கம் வீட்டில் உருதுவோ தெலுங்கோ பேசி வளர்ந்தவர்கள் நிறைய. பின்னால் கற்ற தமிழ் முதலில் நழுவி, தாய்மொழி தங்கிவிடுவது உண்டு. அவர்களுக்குத் தமிழ்ச் சினிமாப் பாட்டு எடுபடவில்லை என்றால் ஆச்சரியமில்லை. அம்மா பாடிய தாலாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆற்காடு சுற்றுக் கிராமத்து ஆண்களுக்குத் தெருக்கூத்து மத்தள அடி போதும், கை தானாகத் தொடையில் தட்டும். குறை ஒன்றுதான்: புடவைத் தலைப்பை ஓயாமல் மடித்துக்கொண்டிருக்கும் கைக்குப் பாட்டு வேலை தராது.

களிமண் அந்தக் கைக்கு அருமையான வேலை. வேலூர்ப் பக்கம் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போனது, குயவரிடம் சொன்னால் கல் பொறுக்கிய மண் கிடைக்கும். அரைக் கிலோ போதும். அகல், உருண்டை, தட்டை என்று எது வந்தாலும் சரி. ஆனால் சித்திரை வைகாசி வெயிலில், ஈரத்துணி சுற்றி மூடி போட்ட டப்பாவில் வைக்காவிட்டால் மண் வெடித்துவிடும். நக இடுக்கில் புகுந்ததைக் கழுவப் போனால் குளியலறையில் ஒரு சண்டை. வாயில் போட்டுக்கொள்பவருக்கு மண் வேண்டாம். கோதுமை மாவு பிசைந்து கொடுக்கலாம். கெடாமல் இருக்க அதில் உப்பைக் கொட்டுபவர்கள் உண்டு. ரத்த அழுத்தக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டால் வம்பு.

எங்களுக்குத் தீர்மானமான விஷயம், நாளைக்கும் இதைச் செய்வோமா என்பதுதான். சமையல், மருந்து, துணி என்று ஓடுகிற மருமகளுக்கோ பகல்நேர ஆயாவுக்கோ, எடுத்து வைத்துத் துடைக்க அரை மணி ஆகும் வேலை மூன்றாம் நாளே நின்றுபோகும். களிமண் அப்படித்தான் நிற்கிறது. ரவைத் தட்டை எடுக்க ஒரு நிமிஷம், மூடி வைக்க ஒரு நிமிஷம்.

தட்டு சுமார் 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், இரண்டு விரல் உயர விளிம்பு. எவர்சில்வர் கூடாது; பளபளப்பில் நிழலும் முகமும் தெரிந்து குழம்புவார். அடியில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினால் விரல் போன கோடு பளிச்சென்று தெரியும். 250 கிராம் ரவை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நிற்கும். அதற்கு மேல் போனால் கோடு மூடிக்கொள்ளும். அரிசி மாவு வேண்டாம். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது, மாவு கண்ணில் பறக்கும்; ரவை கனம். கல்மாவுக் கோலப்பொடி வாய்க்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. தரையில் போடச் சொல்லாதீர்கள்: குனிந்து நிமிரும்போது தலை சுற்றும், டைல்ஸில் சிந்தினால் வழுக்கும்.

காலை பத்து, பத்தரைக்கு, டிபன் முடிந்து கை ஈரம் துடைத்த பிறகு உட்காருங்கள். சாயங்காலப் படபடப்பு நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். எதிரே உட்கார்ந்தால் கோலம் தலைகீழாகத் தெரியும், அதனால் பக்கத்தில். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். "இது என்ன கோலம் சொல்லுங்க" என்று கேட்டால் அது பரீட்சை. சிக்குக் கோலம் சீக்கிரம் கைவிட்டுப் போகும், புள்ளியைச் சுற்றும் வழி பிடிபடாது. அப்போது புள்ளியே வைக்காமல் வளைவுகளை விடுங்கள். தப்பானால் தட்டை ஒரு குலுக்கு, போயிற்று. காகிதத்தில் விழுந்த கோடு அங்கேயே நின்று குத்திக்காட்டும், இங்கே அது இல்லை. தட்டைத் தள்ளினால், வாசலையே பார்த்தால், முடித்துவிடலாம். பத்து நிமிஷமே போதும்.

கோலம் போட்டுப் பழகாத வீட்டுப் பெண்களுக்கு மருதாணிப் பூவும் கொடியும் அதே தட்டில் வரும். ஆண்களைப் பற்றி அவ்வளவு அடித்துச் சொல்லமாட்டோம். சிலர் கையெழுத்துப் போடுகிறார்கள், சிலர் ரவையை அள்ளி அள்ளிக் கொட்டுவதோடு சரி. விழுங்கச் சிரமம் உள்ளவர் பக்கத்திலிருந்து மட்டும் நகராதீர்கள், பச்சை ரவை ஒரு சிட்டிகை போனாலும் புரையேறும்.

ரவையை முதலிலேயே வறுத்து ஆறவைத்தால் வண்டு விழாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையதை எறும்புக்குப் போடலாம், உப்புமாவுக்கு வேண்டாம்.