வே ப்ரோட்டீன்: சில வருடங்கள் குடித்துப் பார்த்த பிறகு

ஜிம்மில் புதிதாகச் சேரும் பையன்கள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, எந்தப் பவுடர் எடுக்கிறீங்க?" காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இதுவரை ஒருத்தனும் கேட்டதில்லை. நான் 70 கிலோ, கோவையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, வாரத்தில் நாலு நாள் பளு தூக்குகிறேன். பால் திரிந்து பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதப் பவுடரான வே ப்ரோட்டீனைச் சில வருடங்களாக விட்டுவிட்டுக் குடித்து வருகிறேன்.

பளு தூக்குபவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் எடுத்தால் போதும், அதற்கு மேல் போனால் பெரிதாகப் பலன் கூடுவதில்லை என்பது 2018-இல் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னது. அதே அலசலில், கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்கு மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 300 கிராம்தான் சதை அதிகம் ஏறியிருந்தது. டப்பாவின் மேல் புடைத்து நிற்கும் உடம்புக்கும் இந்த 300 கிராமுக்கும் உள்ள தூரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சதையை ஏற்றுவது பளுதான்.

சரி, அப்புறம் ஏன் குடிக்கிறேன்? என் கணக்குக்கு ஒரு நாளைக்கு 112 கிராம் வேண்டும். காலையில் நாலு இட்லி சாம்பார், மதியம் சோறு, குழம்பு, பொரியல், தயிர், இரவு சப்பாத்தி என்று போனால் எப்படிக் கூட்டினாலும் 50 கிராம் பக்கத்தில் நின்றுவிடும். நாலு முட்டை சேர்த்தால் இன்னொரு 24. சிக்கனோ மத்தியோ சமைக்கும் நாளில் மீதி தானாக வந்துவிடும். சமைக்காத நாளில் விழும் ஓட்டையை ஒரு ஸ்கூப் பாதிக்கு மேல் அடைக்கிறது. எனக்கு அதன் வேலை அவ்வளவுதான். பயிற்சி முடிந்து அரைமணி நேரத்துக்குள் குடித்தே ஆகவேண்டும் என்று மாஸ்டர் விரட்டுவார். நான் சில நாள் இரவில்தான் குடிப்பேன், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நாள் முழுக்க உள்ளே போகும் மொத்த அளவுதான் முக்கியம்.

வயிற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் வாங்கியது கான்சன்ட்ரேட், அதாவது குறைவாகச் சுத்திகரித்த வகை. அதில் பால் சர்க்கரை கொஞ்சம் இருக்கும், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சோதனை. மதியக் கூட்டங்களில் நான் ஓரமாக உட்கார ஆரம்பித்தேன். பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய ஐசொலேட்டுக்கு மாறியதும் வயிறு அடங்கியது, பர்ஸ் இளைத்தது. இன்னொன்று, கொதிக்கும் பாலில் பவுடரைக் கொட்டாதீர்கள். மாவு உருண்டை மாதிரி திரண்டு ஷேக்கரின் சல்லடையில் அப்பிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் பவுடரைப் போட்டுக் குலுக்கினால் கட்டியே இருக்காது. கழுவாத ஷேக்கரை மூடி பையில் வைத்து மறுநாள் திறந்தால் வரும் நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

விலை என்று பார்த்தால் சோயா உருண்டையை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. 50 கிராமில் 25 கிராமுக்கு மேல் புரதம், செலவு பத்து ரூபாயைச் சுற்றித்தான். அதே புரதம் ஒரு ஸ்கூப்பில் வேண்டுமென்றால் 80, 100 ரூபாய் ஆகிவிடுகிறது. எடை ஏற்றுவதற்கென்று விற்கும் மாஸ் கெய்னர் பக்கம் போகவே வேண்டாம், டப்பாவில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துதான்.

கலப்படம்தான் எனக்கு உண்மையான கவலை. புரத அளவைச் சாதாரணமாக நைட்ரஜனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் நைட்ரஜன் உள்ள கிளைசின், டாரின் போன்ற மலிவான சரக்கைச் சேர்த்தாலும் காகிதத்தில் எண் ஏறிவிடும், தசைக்கு வேண்டிய லியூசின் என்னும் அமினோ அமிலம் மட்டும் ஏறாது. உட்பொருள் பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் டப்பாவைக் கீழே வைத்துவிடுவேன்.

"கிட்னி போயிடும்டா" என்று அம்மா இன்றும் சொல்கிறார். அவர் திருப்திக்காக வருடம் ஒருமுறை சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பார்க்கிறேன், அளவுக்குள்தான் இருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இப்போது மாதாமாதம் வாங்குவதில்லை. புரட்டாசியில் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது, அந்த மாதத்துக்கு ஒரு கிலோ டப்பா. மிச்சமிருந்தால் வெளியூர் போகும்போது ஜிப் கவரில் கட்டி எடுத்துக்கொள்வேன்.