ஐந்து குளிர்காலம் பார்த்த டெசர்ட் பூட்

லண்டனில் வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிய மணல் நிற ஸ்வேட் (மெல்லிய மயிர் எழுந்து நிற்கும் மென்தோல்) பூட்ஸ். ஐந்து வருடம் ஆகிறது. கணுக்கால் உயரம், இரண்டே ஜோடி லேஸ் துளை, அடியில் கிரேப் ரப்பர், அவ்வளவுதான். பிரிட்டிஷ் காலணிக் கம்பெனியான கிளார்க்ஸின் அசல் இல்லை. அதே அச்சில் வேறொருவர் செய்தது, பெயர் வேண்டாம்.

ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துச் சுருக்கம் விழ அழுத்தினால் கிரேப். நடக்கப் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் தெருவில் கிடக்கும் தூசு, தலைமுடி எல்லாம் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். தேன் நிறத்தில் இருந்த ஓரம் மூன்றே மாதத்தில் கருத்துவிட்டது. ஈரமான தரையில் வழுக்கவும் செய்யும். ஒரு மழைநாளில் ரயில் நிலைய வாசலில் காபியோடு சறுக்கினேன். நான் தப்பித்தேன், இடது பூட்ஸில் கறை இன்னும் இருக்கிறது.

இந்த மாடலே கெய்ரோ கடைத்தெருவில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் எட்டாம் படை அதிகாரிகள் அங்கே தைத்து வாங்கியதை, பர்மாவில் பணியிலிருந்த, கிளார்க்ஸ் குடும்பத்து நேதன் கிளார்க் பார்த்தார். 1950இல் அது கிளார்க்ஸ் டெசர்ட் பூட்டாகக் கடைக்கு வந்தது. அதிகாரிகள் போட்டதை அறுபதுகளில் மாட்ஸ் எனப்பட்ட பிரிட்டிஷ் ஃபேஷன் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள்: பளபளக்கும் ஸ்கூட்டர், மேலே பார்க்கா என்ற தொப்பி வைத்த கோட்டு, காலில் இது. ஜமைக்காவில் ரூட் பாய்கள் என்ற தெருமுனை இளவட்டங்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கே கிளார்க்ஸ் என்றால் அந்தஸ்து. 2010இல் ஜமைக்கப் பாடகர் வைப்ஸ் கார்டெல் அதைப் பற்றியே பாடினார்; ஸ்வேட் தூசியைத் தட்ட டூத் பிரஷ் வேண்டும் என்பதும் அந்தப் பாட்டில் உண்டு.

எனக்கு அந்த டூத் பிரஷ் விஷயம் தெற்கு லண்டன் பிரிக்ஸ்டனில் ஒரு சலூனில்தான் தெரியவந்தது. முடி வெட்டிக்கொண்டிருந்த ஜமைக்காப் பெரியவர் என் காலைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "ஒரிஜினல் இல்லையே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, டூத் பிரஷாவது வைத்திருக்கிறாயா?"

அன்றே ஒன்று வாங்கினேன். ஷூ நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும். படுத்துக் கிடந்த மயிர் எழுந்து நிற்கும், நிறமும் திரும்பும். பாலிஷ் மட்டும் கூடவே கூடாது.

மேல்தோல் இன்னும் கிழியவில்லை, தையலும் விடவில்லை. வெளிப்பக்கக் குதிகால்தான் சரிந்து தேய்ந்திருக்கிறது. கிரேப் அடி மாற்றித்தரும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கேட்ட இரண்டு கடையிலும், அந்தக் காசுக்குப் புதிதே வாங்கலாம் என்றார்கள்.