டெண்டர் தகராறா? அமெரிக்க ஜிஏஓ புகார் சேவை எப்படி

அமெரிக்க அரசுக்கு லேப்டாப், சர்வர் விற்கிற சின்னக் கம்பெனிக்காரர், டெண்டரில் நியாயம் நடக்கவில்லை என்று நினைத்தால் கோர்ட்டுக்குப் போகாமலே தட்டக்கூடிய கதவு ஜிஏஓ. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கீழ் இருக்கும் தணிக்கை அமைப்பு, வாங்கும் துறைக்கு அடங்கியதில்லை. பெரிய ப்ளஸ் அது.

வேகம் அருமை, 100 நாளுக்குள் முடிவு சொல்லிவிடுவார்கள். 2018-இல் கட்டணம் கொண்டுவந்தபோது 350 டாலர்தான், வக்கீல் இல்லாமலும் போடலாம். கெடுவுக்குள் புகார் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை அங்கேயே நிற்கும், 1984 சட்டம் கொடுத்த பலம்.

ஆனால் கெடு விஷயத்தில் கறார். ஸ்பெக்கில் ஒரே பிராண்டின் மாடல் நம்பரைப் போட்டு, 'அல்லது அதற்கு இணையானது' என்ற வரியை விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள், டெண்டர் மூடும் நேரத்துக்கு முன்பே கேட்டாக வேண்டும், தோற்ற பிறகு போய் நின்றால் தள்ளுபடிதான். அப்புறம், வக்கீல் வைக்காவிட்டால் போட்டியாளரின் விலை விவரம், ரகசியத் தாள்கள் எதுவும் கண்ணில் படாது. ஆக, 350 டாலர் என்பதெல்லாம் பேருக்குத்தான்!

கிடைப்பதும் பரிந்துரைதான், ஆணை இல்லை. துறைகள் பெரும்பாலும் கேட்டுக்கொள்கின்றன, சரி. ஆனாலும் 1996 வரை கம்ப்யூட்டர் கொள்முதல் புகார்களை ஜிஎஸ்ஏ-வின் (அரசுத் துறைகளுக்கான பொதுக் கொள்முதல் அமைப்பு) போர்டு ஒன்றும் விசாரித்தது, சாட்சியைக் கூப்பிட்டுக் குடைந்து 45 வேலை நாளில் முடிக்கும். அந்த அதிகாரத்தைப் பறித்தது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.