7 வருஷம், 71,000 கிலோமீட்டர், இன்னும் அதே தலையாட்டல்

போன வாரம்தான் கிளட்ச் மாற்றி வண்டியை எடுத்து வந்தேன். பில் இன்னும் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர் நண்பன் போன் போட்டு, "டேய், ஏஎம்டி எடுக்கலாமா? வீட்ல அவளும் ஓட்டணும்" என்கிறான். ஏஎம்டி என்றால் கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாறும் வண்டி. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுடா என்றிருப்பேன்.

வண்டி பேர் வேண்டாம். 2018 கடைசியில் சேலத்தில் எடுத்த சின்ன பெட்ரோல் வண்டி, அவ்வளவு போதும். குறை கம்பெனியைப் பற்றியதல்ல, இந்த வகை கியரைப் பற்றியது. 2014ல் மாருதி செலெரியோவோடு ஏஎம்டி இங்கே வந்தது. அதன் பிறகு சின்ன வண்டி விற்கிற பலரும் போட ஆரம்பித்தார்கள். என்னுடையது செலெரியோ இல்லை. மேனுவலைவிட 50,000 ரூபாய் போல அதிகம் கொடுத்தேன்.

"ஆட்டோமேட்டிக்" என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் மெக்கானிக் முதல் நாளே உடைத்துவிட்டார்: "சார், இதுவும் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட், அதே பல்சக்கரம். உங்க காலுக்குப் பதிலா உள்ளே ஒருத்தன் மிதிக்கிறான்." அந்த ஒருத்தனை நீங்கள் காதாலேயே கேட்கலாம். காலையில் டிரைவர் கதவைத் திறந்ததும், சாவி போடும் முன்பே, பானெட்டுக்குள் "ஊய்ங்" என்று சத்தம் வரும். கிளட்சைத் தள்ளுகிற ஆயில் பம்பு தயாராகிறது. முதல் வாரம் பேட்டரியில் ஏதோ கோளாறு என்று பயந்தேன். இப்போது அது கேட்காவிட்டால்தான் பயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் இடம். வேகம் இருபதைத் தொடும்போது உள்ளே இருப்பவன் கிளட்சை மிதிக்கிறான், இழுவை அறுந்துபோகிறது, தலை முன்னால் போகிறது. கியர் விழுந்து கிளட்சை விடுகிறான், தலை பின்னால் வருகிறது. ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் பின்சீட்டில் இருக்கும் அம்மா ஏழு வருஷமாக ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: "ஏன்டா சாமி, பிரேக் போட்டே? யாராச்சும் குறுக்கே வந்தாங்களா?" யாரும் வரவில்லை அம்மா, கியர் விழுந்தது. இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முன்சீட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காபிக் கறை இருக்கிறது. தொப்பூர் பக்கம் ஒரு டீக்கடையிலிருந்து கிளம்பியபோது மனைவி கையிலிருந்த கப் முதல் கியரில் நன்றாகத்தான் இருந்தது.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கியர் மாறப்போகிற அந்த நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்துவிட்டால் வெண்ணெய் மாதிரி மாறும். இரண்டு மாதத்தில் கால் பழகிவிட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியும். மைத்துனன் வைத்திருக்கும் சிவிடி என்ற வேறு ரக ஆட்டோமேட்டிக் வண்டியை ஓட்டினால்கூட, கியரே இல்லாத அதிலும் என் கால் இருபதில் தன்னால் தூக்குகிறது! பெருமையாக மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். "ஆட்டோமேட்டிக்னு சொல்லித்தானே வாங்கினீங்க? அப்புறம் நான் ஏன் காலை எடுக்கணும்?" என்றாள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நியாயமாகப் பேசினால், ஊருக்குள் இந்த வண்டியைப் போல் சுகம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு சேலம் ஐந்து ரோட்டில் மாட்டிப் பாருங்கள். மேலே பாலம் வந்தும் கீழே கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஊர்ந்து போகும். என் இடது முழங்கால் வலி போய் வருஷக்கணக்காகிறது. மைலேஜும் மேனுவல் அளவுக்கே வருகிறது: ஊருக்குள் 14, நான்கு வழிச்சாலையில் 19. மனைவி வண்டி ஓட்டக் கற்றதே இதில்தான். அதற்கு முன் மேனுவலில் இரண்டு டிரைவிங் ஸ்கூல் ஏறி இறங்கியும் மேட்டில் வண்டி அணைந்துவிடும் பயத்தில் விட்டிருந்தாள்.

மேடு என்றதும்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஏற்காட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளை இது எப்படியோ சமாளித்துவிடும், லீவரை "எம்"முக்குத் தள்ளி நாமே கியர் போட்டால். "டி"யிலேயே விட்டால் வளைவின் நடுவில் மேல் கியருக்குப் போய்விட்டு, ஐயோ தப்பு என்று திரும்பக் கீழே வரும். அதற்குள் பின்னால் பஸ்காரர் ஹாரனைப் பிடித்துக்கொண்டிருப்பார். இறங்கும்போதும் அதே கதைதான், "எம்"மில் இரண்டாவதைப் பிடித்து வைக்காவிட்டால் பிரேக் காய்ந்துவிடும்.

கொல்லிமலையில்தான் மாட்டினேன். ஆடி 18, வல்வில் ஓரி விழா. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 வளைவு, மேலே வரை வரிசை. ஒவ்வொரு தடவையும் பிரேக்கை எடுத்தால் வண்டி பின்னால் நழுவுகிறது. மேட்டில் நழுவாமல் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு என்னுடைய மாடலில் கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்டுப் போட்டு எடுத்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம், ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்தே மேட்டில் நிறுத்தி வைத்தேன். 32ஆவது வளைவோ என்னவோ, முடி கருகுவதுபோல் ஒரு நாற்றம். மீட்டரில் கியர் எண் மின்னி மின்னி "பீப்" அடித்தது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் நின்றோம். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை டெலிவரி கொடுத்த அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? அன்றைக்கு சாவியும் பூங்கொத்தும் கொடுத்துப் படம் எடுக்கத்தான் நேரம் இருந்தது.

அந்த நாற்றத்தின் பலன்தான் இப்போதைய பில் என்பது என் கணிப்பு. ஒரு சர்வீஸ் சென்டரில் ஆக்சுவேட்டரையே, அதாவது உள்ளே மிதிக்கிற அந்த ஒருத்தனையே, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகையில் நல்ல பழைய பைக் ஒன்று வாங்கலாம். நம் மெக்கானிக் திறந்து பார்த்தார். கிளட்சைத் தள்ளுகிற பம்புக்கான சின்ன டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது, பிளேட் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் மாற்றினார். மேனுவலாக இருந்தால் அதோடு சாவியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். இதில் புது பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று ஸ்கேனரை மாட்டிக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க வேண்டும். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம், வண்டி தவளை மாதிரி தாவியது. ஸ்கேனர் வைத்திருப்பவர் ஊரில் இல்லை, இரண்டு நாள் காத்திருந்தேன்.

ஆகவே, வாங்காதேடா. இன்னும் ஒன்றரை லட்சம் சேர்த்து சிவிடியோ, டார்க் கன்வெர்ட்டர் என்கிற இன்னொரு ரக ஆட்டோமேட்டிக்கோ பார். முழங்கால், மைலேஜ், மனைவியின் லைசென்ஸ் எல்லாவற்றையும் மேலே நானேதான் எழுதினேன், தெரியும். இருந்தாலும் வாங்காதே. (என் வண்டியை எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள். மனைவி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.)

அப்படியும் எடுத்துத்தான் தீருவேன் என்றால், ஷோரூம்காரர் அவிநாசி ரோட்டில் நேராக ஓட்டிக் காட்டுவார். அதில் எதுவும் தெரியாது. உன் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவுக்குக் கூட்டி வா. பாதி மேட்டில் நிறுத்தி எடு. உன் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவை. அவர் என்ன கேட்கிறார் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடு.