என்1 வாசிப்புக்கு எது: பயிற்சிப் புத்தகமா, நாளிதழா?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் மிக உயர்ந்த நிலை என்1. அதன் வாசிப்புப் பகுதிக்குத் தயாராகிறவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைப் பிடிப்பார்: ஸோமதொமே, ஷின் கன்ஸென் மாஸ்டர் என்ற இரண்டு பயிற்சிப் புத்தகங்கள், இல்லையென்றால் புத்தகமே வேண்டாம் என்று நேராக ஜப்பானிய நாளிதழ். நான் முதலில் விழுந்தது மூன்றாவதில்.

அஸாஹி நாளிதழின் முதல் பக்கத்தில் வரும் தென்ஸேய் ஜிங்கோ பத்தியைத் தினமும் படித்தேன். சுமார் 600 எழுத்து, பத்தி பிரிக்காமல் நடுநடுவே கருப்பு முக்கோணம் மட்டும், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். சொல்வளம் ஏறியது உண்மைதான். ஆனால் அங்கே நம்மை யாரும் கேள்வி கேட்பதில்லை, புரிந்த மாதிரி இருந்தாலே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். தேர்வில் 180க்கு 104 வந்தது, தேர்ச்சிக்கு 100 போதும், இருந்தும் ஃபெயில்! மூன்று பிரிவிலும் தலா 60க்கு 19 வேண்டும், வாசிப்பில் எனக்கு 17.

அப்புறம்தான் ஷின் கன்ஸென். வறட்சியான புத்தகம், ஒரு படம்கூடக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்காது. ஆனால் கட்டுரையின் எலும்புக்கூட்டைக் காட்டுகிறது: எங்கே ஒப்பிடுகிறார், எங்கே சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்கிறார், எங்கே கேள்வியைப் போட்டுவிட்டுப் பதிலைத் தள்ளி வைக்கிறார். உதாரணத்துக்கு, ஒரு வாக்கியம் 'நோ தெவா நாய் தரோ கா' என்று முடிந்தால் நடுவில் இருக்கும் 'நாய்', அதாவது 'இல்லை', நம்மை எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். உண்மையில் அது ஆசிரியரின் சொந்தக் கருத்து, நாம் 'இது தவறல்லவா?' என்று கேட்டால் தவறு என்றுதானே அர்த்தம், அதே கதை. இது எனக்கு உறைக்க ஒரு தோல்வி தேவைப்பட்டது.

ஸோமதொமே? நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள், ஏழாவது நாள் ஒரு சின்னத் தேர்வு. ஒரு படி கீழே உள்ள என்2 முடித்த கையோடு தொடங்க நல்லது. அதை மட்டும் நம்பி என்1 போகாதீர்கள், அவ்வளவுதான்.

நேரப் பயிற்சியை மட்டும் மூன்றையும் நம்பி விடாதீர்கள். சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 110 நிமிடம், வாசிப்பு கடைசியில் வரும், முன்னால் கான்ஜி என்ற சீன எழுத்துகளில் தடுமாறினால் இங்கேதான் கை வைக்கும். வாசிப்புக்கு 65 நிமிடமாவது மிச்சம் வைக்கிற மாதிரி முழு மாதிரித்தாளைக் கடிகாரத்தோடு போட்டுப் பாருங்கள்.

நாளிதழை நான் விடவில்லை. இப்போது கடைசி முக்கோணம் தாண்டியதும் ஆசிரியர் சொல்ல வந்ததைத் தமிழில் ஒரே வரியில் எழுதிப் பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த வரி வரமாட்டேன் என்கிறது.